வேலை முடிந்தால் சங்கத்தைக் கலைக்கலாமா?

நல்ல தலைமைக்குழு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? நம்ம கிளைகளின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் பதில் முதல் பக்கத்திலேயே இருக்கும். எத்தனை நிகழ்ச்சி நடத்தினோம், எத்தனை பேரைச் சேர்த்தோம், வங்கியில் எவ்வளவு நிற்கிறது. அதற்கு மேல் பெருமையாகச் சொல்ல வேண்டுமென்றால் வயதைச் சொல்வோம். "25 ஆண்டுகளாகச் சமுதாயச் சேவையில்" என்று பேனரில் போட்டுவிட்டால், அந்த 25 ஆண்டில் எந்த வேலை முடிந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்குச் சந்தேகம் அங்கேதான். ஒரு சங்கம் நீண்ட நாள் இருப்பது அதன் தலைமை நன்றாக இருந்ததற்கு அடையாளமா? எடுத்த வேலையை முடித்துவிட்டுக் கதவைச் சாத்திய சங்கம் ஒன்று இருந்தால் அதன் தலைமையை என்ன சொல்வோம்? கேட்கும்போதே கொஞ்சம் அபசகுனமாகத்தான் இருக்கிறது. நம்ம வீட்டில் "கடையை மூடிட்டாங்க" என்பதைக்கூட "கடையைப் பெருக்கிட்டாங்க" என்று சொல்லச் சொல்லும் பாட்டிகள் உண்டு. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி என்றே நினைக்கிறேன்.

இந்தக் கேள்வி என் அக்கா வழியாக வந்தது. அவர் ஒரு மருத்துவமனையில் தாதி. (பாட்டிக்கு இன்னமும் அவர் "மிஸி"தான்.) அவருடைய தாதியர் சங்கக் கிளையில் செயலாளராக நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். அக்கா உடனே தலையாட்டவில்லை. "கூட யார் யார் இருக்கப் போறாங்கன்னு தெரியாம எப்படிடா சரின்னு சொல்றது? ஒரு ஆள் பார்க்கிற வேலையா இது?" என்றார். வார்டில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. எனக்குத்தான் புதிதாக இருந்தது. நாம் எப்போதும் "யார் தலைவர்?" என்று கேட்டே பழகிவிட்டோம்.

பொறியியல் படிப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலையை ஆரம்பிக்கும் முன், இதற்கு முன்னால் யார் செய்தார்கள், எது நின்றது, எது விழுந்தது என்று தேடுவோம். தாதியர் சங்கங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தத் துறைக்குச் சங்க வரலாறு நீளமானது. அனைத்துலகத் தாதியர் மன்றம் 1899-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அது இல்லை. அமெரிக்காவில் 1908-ல் தொடங்கி, 1951-ல் தானாகவே தன்னைக் கலைத்துக்கொண்ட ஒரு சங்கம். யாரும் தடை செய்யவில்லை, பணம் இல்லாமல் போகவில்லை, உள்சண்டையில் உடையவும் இல்லை. உறுப்பினர்களே வாக்களித்து மூடினார்கள். பயிற்சி பெற்ற கறுப்பினத் தாதியரின் தேசியச் சங்கம் அது.

அந்தச் சங்கம் ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி முடித்த முதல் கறுப்பினத் தாதி என்று அறியப்படும் மேரி மஹோனி 1879-ல் பாஸ்டனில் தேர்ச்சி பெற்றார். அதற்குப் பிறகு பல பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கென்றே இருந்த மருத்துவமனைப் பள்ளிகளில், தாதிமை படித்து வெளியே வந்தார்கள். படிப்பு ஒன்றுதான், வேலை ஒன்றுதான், ஆனால் சங்கத்தில் இடம் இல்லை. அமெரிக்கத் தாதியர் சங்கத்தில் சேர மாநிலச் சங்கம் வழியாகத்தான் போக வேண்டும் என்றொரு முறை வந்தது. தென் மாநிலங்கள் பலவற்றில் மாநிலச் சங்கம் கறுப்பினத் தாதியரைச் சேர்க்காது. தேசியச் சங்கம் "எங்களிடம் தடை எதுவும் இல்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம். மாநிலச் சங்கம் "இது எங்கள் உள்விவகாரம்" என்று சொல்லிக்கொள்ளலாம். நடுவில் நிற்கிற பெண்ணுக்கு இரண்டு கதவும் மூடித்தான் இருக்கும்.

மார்த்தா ஃபிராங்க்ளின் என்ற தாதி உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தார். நாடு முழுவதும் இருந்த கறுப்பினத் தாதியருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். நியூயார்க்கில் லிங்கன் மருத்துவமனைத் தாதியர் பள்ளியைச் சேர்ந்த ஏடா தாம்ஸ், "எங்கள் ஊரில் கூடுங்கள், ஏற்பாடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று முன்வந்தார். 1908 ஆகஸ்டில் வந்து சேர்ந்தவர்கள் 52 பேர். ஆயிரத்துக்கு மேல் அழைத்து 52 பேர் வந்தால் நம்ம ஊரில் என்ன செய்வோம்? "ரெஸ்பான்ஸ் இல்லை" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அவர்கள் அந்த 52 பேரை வைத்துத் தேசியச் சங்கம் தொடங்கினார்கள். ஃபிராங்க்ளின் முதல் தலைவர். அடுத்த ஆண்டு பாஸ்டனில் நடந்த முதல் மாநாட்டில் வரவேற்புரை ஆற்றியவர் மூத்தவரான மஹோனி.

இந்த மூவரில் ஏடா தாம்ஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவர் தம் பள்ளியில் 1906 முதல் துணைப் பொறுப்பில் இருந்தார். பல ஆண்டுகள் பொறுப்பு இயக்குநராக முழு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். ஆனால் "இயக்குநர்" என்ற பெயரை மட்டும் அவருக்குத் தரவே இல்லை. காரணம் அவர் நிறம். பதவி இல்லாமல் வேலை செய்யும் மனிதரை நாம் சுலபமாக "தியாகி" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அது அவருக்கு நடந்த அநியாயத்தின் மேல் பூவைப் போட்டு மறைக்கிறது. ஆனால் ஒன்று உண்மை. பதவி வேறு, வேலை வேறு என்று உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் 1916 முதல் 1923 வரை அந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். முதல் உலகப் போரின்போது, கறுப்பினத் தாதியரைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக இராணுவத்தில் சேர்க்கச் சொல்லி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1918-ல் இன்ஃபுளுவென்சா வந்து முகாம்கள் நோயாளிகளால் நிறைந்த பிறகுதான் கதவு திறந்தது. அதிலும் உள்ளே போனவர்கள் 18 பேர், போர் முடிந்த பிறகு.

இருபதுகளின் பிற்பகுதியில் சங்கம் தளர்ந்துபோனது. முழுநேர ஆள் கிடையாது, சொந்த அலுவலகம் கிடையாது. வேலை முடிந்து வந்து, இரவில் மிச்சமிருக்கும் நேரத்தில் கடிதம் எழுதுபவர்களை நம்பியே ஓடியது. 1934-ல் ஒரு அறநிதியின் உதவி கிடைத்ததும், அலுவலகம் எடுத்து, சம்பளத்துக்கு ஒரு நிர்வாகச் செயலாளரை நியமித்தார்கள். அவர் மேபல் ஸ்டாப்பர்ஸ். அதே ஆண்டு தலைவராக வந்தவர் எஸ்டெல் மாசி ரிடில்.

சம்பளம் என்றதும் நம்மில் சிலருக்கு முகம் சுருங்கும், தெரியும். "சேவைக்குக் காசா?" என்று என் கிளையிலேயே ஒருமுறை பெரிய வாக்குவாதம் வந்தது. கோயிலில் குருக்களுக்குச் சம்பளம், மேளக்காரருக்குச் சம்பளம், பந்தல் போடுபவருக்குச் சம்பளம், ஆனால் வாரம் இருபது மணி நேரம் கணக்கும் கடிதமும் பார்க்கும் பிள்ளைக்கு மட்டும் "புண்ணியம்". இது தர்மமா, அல்லது நம் சிக்கனத்துக்கு நாம் வைத்துக்கொண்ட நல்ல பெயரா? எல்லாக் கிளைக்கும் ஆள் வைக்க முடியாது, சரி. ஆனால் தன்னலமின்மை என்பதைச் சம்பளக் கணக்கை வைத்து அளக்க முடியாது என்பதற்கு ஸ்டாப்பர்ஸ் போதும். சம்பளம் வாங்கிய அவர்தான் பிற்பாடு தன் நாற்காலியே இல்லாமல் போகும்படி வேலை செய்தார்.

இந்த இருவரின் கூட்டணியைத்தான் அக்காவிடம் நான் அதிகம் சொன்னேன். ரிடில் படிப்பாளி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1931-ல் முதுகலைப் பட்டம் பெற்றவர். அமெரிக்கக் கறுப்பினத் தாதியரில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள். கல்வியாளர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் அவரை யாரும் லேசாக ஒதுக்க முடியாது. ஸ்டாப்பர்ஸ் வேறு மாதிரி. பார்படோஸ் தீவில் பிறந்து, சிறுவயதில் நியூயார்க் வந்தவர். ஹார்லெம் பகுதியில் காசநோய் ஒழிப்புக் குழுவை 12 ஆண்டுகள் நடத்தியவர். தெருவும் தெரியும், அலுவலகமும் தெரியும், எந்த வாரம் எந்தப் பத்திரிகையின் கதவைத் தட்ட வேண்டும் என்றும் தெரியும். ஒருவர் போகக்கூடிய அறைக்குள் மற்றவர் போக முடியாது. அதனால்தான் அந்தக் கூட்டணி வேலை செய்தது.

நம்ம செயலவைகளைப் பாருங்கள். தலைவர் ஒருவர் தேர்வானதும் தன் கூட்டாளிகள் ஏழு பேரை உள்ளே இழுத்துக்கொள்வார். ஏழு பேரும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே மம்மாக் கடை மேசை, ஒரே நகைச்சுவை. கூட்டம் சீக்கிரம் முடியும். சண்டை வராது. ஆனால் அந்த ஏழு பேருக்கும் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால், அது குழுவுக்கே தெரியாத விஷயம் ஆகிவிடும். நட்பு கெட்டது என்று சொல்லவில்லை. ரிடிலும் ஸ்டாப்பர்ஸும் நெருங்கிய தோழிகள் ஆனார்கள். அவர்களைக் கட்டி வைத்தது வேலை. நட்பு அதற்குள் வளர்ந்தது.

இன்னொன்றும் செய்தார்கள். தாதியர் அல்லாதவர்களை, வெள்ளையர்களையும் சேர்த்து, ஒரு ஆலோசனைக் குழுவாக அமைத்தார்கள். நம்ம ஊரில் ஆலோசகர் என்றால் பெரும்பாலும் ஒரு டத்தோ, ஒரு மாலை, கடிதத் தலைப்பில் ஒரு பெயர். அங்கே ஆலோசகர்களுக்கு வேலை கொடுத்தார்கள். அடைக்கப்பட்ட அறைகளில் நமக்காகப் பேசுவதற்கு அந்த அறைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஆள் வேண்டும். ஓஹாயோ மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்குத் தேர்வான ஃபிரான்சஸ் போல்டனுடன் ஸ்டாப்பர்ஸ் தொடர்பு வைத்திருந்தார். 1943-ல் போல்டன் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் அரசுச் செலவில் மாணவத் தாதியர் படை உருவானபோது, அதில் இன வேறுபாடு கூடாது என்பது சட்டத்திலேயே இருந்தது.

அதே காலத்தில் இராணுவம் வேறு கணக்குப் போட்டது. 1941-ல் கறுப்பினத் தாதியருக்கு ஒதுக்கிய இடம் 56. அமெரிக்க இராணுவம் முழுவதற்கும் 56 பேர், அதுவும் கறுப்பினப் படைவீரர்களைப் பார்ப்பதற்கு மட்டும். கடற்படை ஒருவரைக்கூட எடுக்கவில்லை.

இங்கேதான் ஒரு நல்ல தர்மசங்கடம் இருக்கிறது. 56-ஐ ஏற்றுக்கொண்டால் அவமானத்துக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி. மறுத்தால் 56 பெண்களின் வாய்ப்பும் போகும், "நாங்கள் கொடுத்தோம், அவர்கள்தான் வரவில்லை" என்று இராணுவம் சொல்லிக்கொள்ளும். ஸ்டாப்பர்ஸ் ஏற்றுக்கொண்டபடியே எதிர்த்தார். உள்ளே கால் வைத்துவிட்டு, அந்தக் காலை எடுக்காமல் கதவைத் தள்ளினார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தால்தான் அது சந்தர்ப்பவாதம். அவர் 1944 நவம்பரில் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டை நேரில் சந்தித்து நிலைமையை எடுத்துச் சொன்னார். 1945 ஜனவரி தொடக்கத்தில் அதிபர் ரூஸ்வெல்ட், தாதியர் போதவில்லை, கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வேண்டும் என்று அறிவித்தார். ஸ்டாப்பர்ஸ் காத்திருந்த நேரம் அது. தாதியர் பற்றாக்குறை என்றால், கையில் தகுதியோடு நிற்கும் கறுப்பினத் தாதியரை ஏன் எடுக்கவில்லை என்று இராணுவத் தலைமை மருத்துவரையே பொதுக்கூட்டத்தில் கேட்டார். நாடெங்கும் இருந்து தந்திகள் வெள்ளை மாளிகைக்குப் பறந்தன. அந்த மாதம் முடிவதற்குள் இராணுவமும் கடற்படையும் இன வரம்பை எடுத்துவிட்டன. போர் முடியும்போது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இராணுவத் தாதியரில் கறுப்பினத்தவர் ஐந்நூறு அளவில்தான். எண்ணிக்கை சின்னது. ஆனால் விதி போய்விட்டது.

1948-ல் அமெரிக்கத் தாதியர் சங்கம் இறங்கி வந்தது. மாநிலச் சங்கம் சேர்க்காவிட்டால் நேராகத் தேசியச் சங்கத்திலேயே உறுப்பினர் ஆகலாம் என்றாக்கினார்கள். ரிடில், அப்போது எஸ்டெல் ஓஸ்போர்ன், அதன் இயக்குநர் அவைக்குத் தேர்வானார். அடுத்த ஆண்டே கறுப்பினத் தாதியர் சங்கம் தன்னைக் கலைத்துக்கொள்ள வாக்களித்தது. 1951 ஜனவரியில் கலைந்தது. அந்தக் கடைசிக் கட்டத்தில் தலைவராக இருந்தவர் ஸ்டாப்பர்ஸ்தான். 1936-ல் மேரி மஹோனி பெயரில் அவர்கள் தொடங்கிய விருதையும் பெரிய சங்கத்திடம் ஒப்படைத்தார்கள்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது அக்காவுக்குத் தோன்றியது ஷிஃப்ட் மாறும் நேரம். ஒவ்வொரு கட்டிலாக, யாருக்கு என்ன மருந்து போனது, யாருக்கு இரவு காய்ச்சல் வந்தது, யார் பயந்துபோயிருக்கிறார் என்று அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தாதி வீட்டுக்குப் போவார். "நேரம் ஆச்சுன்னு அப்படியே பையைத் தூக்கிட்டுப் போனா அது டியூட்டி முடிச்சது ஆகாதுடா" என்றார்.

நமக்கு இந்தக் காட்சி அந்நியம் இல்லை. பரதன் செய்தது இதுதானே? அண்ணனின் பாதுகைகளை அரியணையில் வைத்து, தான் அயோத்திக்குள்கூடப் போகாமல், நந்திகிராமத்தில் இருந்து 14 ஆண்டுகள் அரசை நடத்தினான். அந்த 14 ஆண்டும் வேலை நடந்தது. வரி வசூல் ஆனது, எல்லை காக்கப்பட்டது. ஆனால் இந்த ஆட்சிக்கு முடிவு நாள் ஒன்று உண்டு என்பது முதல் நாளிலேயே தெரியும். முடிவு நாள் தெரிந்தவன் ஆளும் விதமே வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். தன் ஆட்களைத் தேடித்தேடி வைக்க மாட்டான். ஒப்படைக்கும்போது கணக்குச் சரியாக இருக்க வேண்டுமே என்றுதான் பார்ப்பான்.

ஆனால் பரதனை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம். "எனக்குப் பதவி ஆசை கிடையாது, நான் விலகிக்கிறேன்" என்று ஆண்டு நடுவில் கடிதம் கொடுத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு போகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேட்டால் பற்றின்மை. நண்பர்களே, கீதையே ஒருவர் ராஜினாமா செய்ய நினைத்ததில்தான் தொடங்குகிறது. அர்ச்சுனன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு இந்த ராஜ்யம் வேண்டாம், பிச்சை எடுத்துப் பிழைப்பதே மேல் என்கிறான். கேட்பதற்குப் பற்றின்மை மாதிரிதான் இருக்கிறது. கண்ணன் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆக நம் நூல்களிலேயே விட்டுக்கொடுத்து உயர்ந்தவன் ஒருவன், விட்டுப்போகாதே என்று தடுக்கப்பட்டவன் ஒருவன். இரண்டையும் பிரிப்பது எது?

எனக்குத் தெரிந்தவரை, உரியவர் வந்துவிட்டாரா என்பதுதான். பரதன் இராமன் வந்த பிறகு கொடுத்தான். அர்ச்சுனன் எதுவும் முடிவதற்கு முன்னால் போகப் பார்த்தான். பரதனுக்கு ஒரு வசதி இருந்தது. இராமன் எதிரில் வந்து நின்றால் தெரியும். ஒரு சங்கத்துக்கு அந்த வசதி இல்லை. சமத்துவம் ஒருநாள் புஷ்பக விமானத்தில் வந்து இறங்குவதில்லை. 1951-ல் அந்தப் பெண்களுக்கு உரியவர் உண்மையிலேயே வந்துவிட்டாரா?

பாதி வந்திருந்தார் என்பதே நேர்மையான பதில். சில தென் மாநிலச் சங்கங்கள் கறுப்பினத் தாதியரைச் சேர்த்துக்கொள்ள 1960-கள் வரை ஆனது. 1971-ல், கலைந்த சங்கத்துக்குச் சரியாக 20 ஆண்டுகள் கழித்து, கிளீவ்லாந்தில் கறுப்பினத் தாதியர் மறுபடியும் ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. பெரிய சங்கத்தில் சேரக் கதவு திறந்திருந்தது, ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் தங்கள் குரல் இல்லை என்ற குறை அவர்களுக்கு இருந்தது.

அப்படியானால் 1951-ன் முடிவு தவறா? இதை நிறைய யோசித்தேன். தவறில்லை என்றே சொல்வேன். சங்கத்தைக் கலைக்காமல் வைத்திருந்தால், மாநிலச் சங்கங்களுக்கு அதுவே சாக்காகப் போயிருக்கும். "உங்களுக்குத்தான் தனியாகச் சங்கம் இருக்கிறதே" என்று சொல்லியிருப்பார்கள். எங்களையும் சேர்த்துக்கொள் என்று 40 ஆண்டுகள் கேட்டுவிட்டு, கதவு திறந்த அன்று வாசலிலேயே நிற்பது, கேட்ட வாக்குக்கே துரோகம்.

ஆனால் ஒரு இழப்பு நடந்தது, அதை மறைக்கக் கூடாது. கட்டடத்தில் மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும்போது கீழே முட்டுக் கொடுத்து வைப்போம். இரண்டு மூன்று நாளில் மேலே நடந்து போகலாம், பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் கான்கிரீட் முழு வலுவுக்கு வந்துவிட்டதா என்பதை 28-ஆம் நாள் சோதனையை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். மேல்பரப்பை மட்டும் நம்பி எல்லா முட்டையும் சீக்கிரம் உருவினால் தளம் தொய்யும். ஒரு சங்கம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, எடுத்த நோக்கத்தை அடைவது. இரண்டாவது, ஆட்களை உருவாக்குவது. மேடையில் பேசிப் பழகாத ஒரு பெண் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கக் கற்றுக்கொள்வது அந்தச் சங்கத்துக்குள்தான். ஃபிராங்க்ளின், தாம்ஸ், ரிடில், ஸ்டாப்பர்ஸ் எல்லாரும் அங்கே தலைமை ஏற்றவர்கள். முதல் வேலை முடியலாம். இரண்டாவது வேலைக்கு முடிவு நாள் கிடையாது. கலைக்கும்போது முதல் வேலை யாரிடம் போகிறது என்று பார்த்தார்கள். இரண்டாவது வேலையும் அதோடு சேர்ந்து கைமாறிவிடும் என்று நம்பினார்கள் போல. பெரிய சங்கத்தில் உறுப்பினர் அட்டை கிடைத்தது, ஆனால் பேசிப் பழக ஒரு சின்ன அறை இல்லாமல் போனது.

நம்ம பக்கம் வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு தாமானில், எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த ஒரு இளைஞர் குழு ஆரம்பித்தது. முதல் மூன்று ஆண்டு வகுப்பு நன்றாக நடந்தது. பிறகு பள்ளியிலேயே கூடுதல் வகுப்பு வைத்தார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள். அது நல்ல செய்திதானே? குழு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பு நின்றது, குழு நிற்கவில்லை. இன்றைக்கு அந்தக் குழுவுக்கு எட்டு செயலவை உறுப்பினர்கள், தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் போஸ்டர், அதில் எட்டு முகம். யாரும் கெட்டவர்கள் இல்லை. "நம்ம வேலை முடிஞ்சிருச்சு" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். அப்படிச் சொல்லக்கூடிய ஆள் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். அதோடு "இன்னும் முடியலை, இப்பவே மூடாதீங்க" என்று சொல்லக்கூடிய ஆளும் இருக்க வேண்டும். இந்த இருவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து, பேச்சு சூடாகி, பிறகு சேர்ந்து தே தாரிக் குடிக்கப் போகிற குழு எங்கேயாவது இருந்தால் அதில் சேர எனக்கு ஆசை.

நம்ம அமைப்புச் சட்டங்களில் நோக்கம் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். "இந்து இளைஞர்களின் ஆன்மிக, கல்வி, பொருளாதார முன்னேற்றத்துக்குப் பாடுபடுவது." அழகான வரி. ஆனால் இது எந்த ஆண்டிலும் முடியாது, அதனால் எந்த ஆண்டிலும் தோற்காது. மார்த்தா ஃபிராங்க்ளின் குழு எடுத்த நோக்கத்தில் கறுப்பினத் தாதியருக்குச் சங்கங்களில் இடம் என்பது தெளிவாக இருந்தது. கிடைத்ததா இல்லையா என்று யாரும் பார்க்கலாம். பெரிய வரியை அழிக்க வேண்டாம். அதன் கீழே, இந்தத் தவணையில் முடிக்கப் போவது இன்னது என்று ஒரு சின்ன வரி எழுதலாமே.

எங்கள் கிளையின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம். ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். புதிய செயலவை பதவியேற்ற முதல் மாதத்திலேயே இரண்டு விஷயத்தை எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்தத் தவணையில் முடித்து மூடப்போகும் வேலை எது, அதை யாரிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்பது ஒன்று. ஒவ்வொரு பொறுப்பாளரின் வேலையையும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளப் போகும் இளையவர் யார் என்பது இன்னொன்று. முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய இதுவரை ஒருவரும் அகப்படவில்லை.